பழைய அலுமினியப் படகைப் புதுப்பிக்க: பெயின்ற் கடைசி வேலை

கனடாவின் ஒன்ராறியோவில் பனி கரைந்ததும் வீட்டு முற்றங்களில் 'விற்பனைக்கு' என்று அட்டை மாட்டிய 12 அடி, 14 அடி அலுமினியப் படகுகள் தலைகாட்டத் தொடங்கும். சிம்கோ ஏரிக்கும் றைஸ் லேக்குக்கும் தூண்டிலோடு போகிற நம்மவர்கள் பலர் முதலில் வாங்குவது இப்படியொன்றைத்தான். லண்ட், ஸ்டார்கிராஃப்ட், பிரின்ஸ்கிராஃப்ட் என்று ஏதாவது ஒரு பெயர் பாதி அழிந்து கிடக்கும். உடம்பு முப்பது நாற்பது வயதானாலும் திடமாக இருக்கும். பெயின்ற் உரிந்து, உட்காரும் வாங்குப் பலகை உக்கிப் போயிருக்கும். வாங்கியவர் அடுத்த நாளே கடைக்குப் போய் ஒரு டின் பச்சைப் பெயின்ற்றோடு வருவார்.

நானும் அப்படித்தான் வந்தேன். கார் கழுவுவதுபோலக் கழுவி, ஒரு சனிக்கிழமை பின்னேரம் பெயின்ற்றை அடித்து முடித்துவிட்டேன். பார்க்கப் புதுப் படகு. ஜூலையில் ட்ரெயிலரில் ஏற்றும்போது கட்டிய பட்டி உரசிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்தது. நகத்தால் பிடித்து இழுத்தால் பொலித்தீன் மாதிரி நீளமாக வந்தது. உள்ளே அலுமினியம் பெயின்ற்றே காணாததுபோல மினுங்கியது. அந்த வருடம் மழைகாலம் முழுக்க, அடித்த பெயின்ற்றை உரிப்பதிலேயே போனது.

காரணம் சின்ன விஷயம்தான். அலுமினியம் காற்றுப்பட்ட உடனே மெல்லிய ஒக்சைட்டுப் படலமொன்றைத் தன்மேல் போர்த்திக்கொள்ளும். அதனால்தான் அது இரும்பைப்போலத் துருப்பிடிப்பதில்லை. அந்தப் படலத்தின்மேல் சாதாரண பெயின்ற் ஒட்டாது என்பதுதான் தொல்லை. தன்பாட்டில் விட்டால் இந்தத் தகடு நம்மைவிட அதிக காலம் இருக்கும். அதைக் கெடுப்பது நாம் அதன்மேல் கொண்டுவந்து வைக்கிற சாமான்கள்: செம்பு கலந்த மரம், இரும்பு ஆணி, ஈரம் குடித்த நுரை, தவறான வயர். ஆகவே இந்தக் கட்டுரையில் பாதிக்குமேல் பெயின்ற்றைப் பற்றி இருக்காது.

எப்போது தொடங்குவது

பெரும்பாலான பெயின்ற்றுகளுக்கு 10 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும், இரவிலும். ஆகவே மார்ச், ஏப்ரலில் கராஜுக்குள் ஒழுக்கு அடைப்பு, மரவேலை. மே கடைசியில் அல்லது ஜூனில் பெயின்ற். மே மாத நடுவில் வெளியில் அடித்தால் மகரந்தம் மஞ்சள் பொடியாக வந்து ஈரப் பெயின்ற்றில் உட்காரும், கொசுவும் கூடவே வரும். "வால்ஐ சீசன் திறக்கப்போகுது, அதுக்குள்ள முடிக்கவேணும்" என்று அவசரப்படுகிறவர்கள்தான் இரண்டாம் வருடமும் பெயின்ற் அடிப்பார்கள். (வால்ஐ என்பது இங்கத்தைய நன்னீர் மீன், நம்முடைய வாளை இல்லை.)

முதலில் தண்ணீர் விட்டுப் பாருங்கள்

மோட்டார், பற்றரி, வாங்கின் கீழ் கிடக்கும் சாமான் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் கைபேசியில் படம் எடுங்கள். எந்த ஆணி எங்கே இருந்தது என்று மூன்று வாரம் கழித்து ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

பிறகு படகை ட்ரெயிலரிலேயே வைத்து, வடிகால் மூடியை இறுக்கி, வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, உள்ளே ஹோஸால் தண்ணீர் விடுங்கள். நான்கைந்து அங்குல உயரம் போதும். நிரப்பக்கூடாது. ஒரு லீற்றர் ஒரு கிலோ; முந்நூறு லீற்றர் விட்டால் முந்நூறு கிலோ. ஏரியில் அந்தப் பாரத்தை வெளியிலிருக்கும் தண்ணீர் தாங்கும். ட்ரெயிலரில் இரண்டு மரச்சட்டங்கள்தான் தாங்கவேண்டும், தகடு நெளிந்துவிடும்.

இப்போது கீழே குனிந்து, டோர்ச்சும் மார்க்கர் பேனையுமாக, தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் தலைதட்டிய ஆணிகளை, ஒவ்வொரு றிவெற்றாகப் பாருங்கள். சொட்டுகிற றிவெற்றுக்கு ஒரு வட்டம். வேர்த்தது மாதிரி ஈரம் மட்டும் கசிந்தால் ஒரு புள்ளி. அரைமணி நேரம் பொறுத்து இன்னொரு தடவை பாருங்கள். என் படகில் முதல் பார்வையில் நாலு வட்டம். தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது பதினொன்று. பெரும்பாலும் நடுக்கோட்டில், ஏராவின் (அடியில் நீளமாக ஓடும் முதுகுச் சட்டம்) இருபக்கமும், முன்வாங்கின் கீழேதான் ஒழுகும். அலையில் குதிக்கும்போது அடி விழுகிற இடம் அது.

புள்ளி போட்டவற்றை இறுக்கினால் போதும். வெளியே ஒருவர் றிவெற் தலையில் கனமான இரும்பொன்றை அழுத்திப் பிடிக்க, உள்ளே இன்னொருவர் அதன் வாலில் சுத்தியலால் இரண்டு மூன்று அடி கொடுக்கவேண்டும். ஓங்கி அடித்தால் ஓட்டை பெருத்துவிடும். சத்தம் 'டங்' என்பதிலிருந்து 'டக்' என்று மாறும்போது இறுகிவிட்டது என்று தெரியும். வட்டம் போட்டவை தேய்ந்திருந்தால் தலையைத் துளைத்து எடுத்து, அதே அளவில் அல்லது ஒரு படி பெரிய அளவில் புது அலுமினிய றிவெற் போடுங்கள். ஒருபக்கத்திலிருந்தே போடுகிற 'பொப் றிவெற்' வசதியானதுதான், ஆனால் சாதாரண வகையில் நடுவே துவாரம் இருக்கும், தண்ணீர் அதற்குள்ளாலேயே வரும். முனை மூடிய வகையைக் கேட்டு வாங்கி, கடல்வேலைக்கான பொலியுரேதேன் பசையில் தோய்த்துப் போடுங்கள்.

இதற்குப் பிறகும் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் பொருத்து வழியே கசிந்தால், இரண்டு கலவை எப்பொக்சி அடைப்பான் இருக்கிறது. குளூவிற் என்பது பலரும் பாவிக்கிற பெயர். தேன்போல ஓடி இடுக்குக்குள் இறங்கும். உட்பக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் சுரண்டிய தகட்டில் பூசவேண்டும். ஊரில் மரவள்ளத்தின் பலகை இடுக்குக்குப் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது புது வேலையாகத் தோன்றாது.

சிலிக்கோன் மட்டும் வேண்டாம். குளியலறைக்கு வாங்கிய மீதிக் குழாய் வீட்டில் கிடக்கும், கை அரிக்கும். பல சிலிக்கோன்கள் காயும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடும் (வினாகிரி மணம் அதுதான்), அது அலுமினியத்தை அரிக்கும். அது பட்ட இடத்தில் பிறகு எந்தப் பெயின்ற்றும் ஒட்டாது.

பின்பலகை

மோட்டார் தொங்குகிற பின்பலகையைப் பற்றிச் சமரசம் கூடாது. 9.9 குதிரைவலு நாலு-ஸ்ட்ரோக் மோட்டார் நாற்பது கிலோ அளவில் இருக்கும். அது தள்ளுகிற விசை முழுவதும் அந்த ஒரு பலகைக்குத்தான். ஸ்குரூட்றைவரின் பிடியால் பலகை முழுவதும் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல மரம் கதவு தட்டுவதுபோலக் கேட்கும், உக்கிய மரம் ஈர மெத்தையில் தட்டுவதுபோல. ஒரு ஆணியைக் கழற்றுங்கள். கூடவே கபில நிறத்தில் ஈரத் தூள் வந்தால் வேறு பரிசோதனை தேவையில்லை.

பழைய பலகையை முடிந்தவரை உடைக்காமல் எடுத்தால் அதையே அச்சாக வைத்து வெட்டலாம். பெரும்பாலான சிறு படகுகளில் இது ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. தடிப்பு. 19 மி.மீ. பிளைவூட் இரண்டை எப்பொக்சியால் ஒட்டினால் அந்தத் தடிப்பு வரும். நீர்தாங்கும் பசையில் செய்த பிளைவூட்டாக இருக்கவேண்டும். வெட்டியபின் நாலு ஓரங்களுக்கும் குறைந்தது மூன்று பூச்சு எப்பொக்சி கொடுங்கள். பிளைவூட் தண்ணீர் குடிப்பது ஓரத்தாலும் ஆணித்துளையாலும்தான். துளைக்கு ஒரு வழி உண்டு: தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, எப்பொக்சியால் நிரப்பி, காய்ந்தபின் நடுவே சரியான அளவில் மறுபடி துளையுங்கள். ஆணி மரத்தைத் தொடாது, தண்ணீரும் தொடாது.

இங்கேதான் புதியவர்கள் அதிகம் செய்கிற பிழை. "தண்ணீரில் உக்காது" என்று நம்பி, வேலிக்கும் டெக்குக்கும் பாவிக்கிற பச்சை கலந்த 'பிரஷர் ட்ரீற்றட்' (உக்காமல் மருந்து ஏற்றிய) மரத்தை வாங்கி வந்து படகில் போடுவார்கள். 2003 முடிவோடு கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுப் பாவனைக்கான மரத்தில் ஆசனிக் கலந்த பழைய மருந்தை நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக வந்தவற்றில் செம்பு இன்னும் அதிகம். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சந்தித்தால் சின்ன பற்றரி மாதிரித்தான், கரைந்து போவது அலுமினியம். இரண்டு மூன்று பருவத்தில் தகட்டில் வெள்ளைப் பொடியும், பிறகு ஊசித்துளையும் வரும். ட்ரெயிலர்ச் சட்டத்துக்கும் இதே கதைதான்: ட்ரீற்றட் மரத்தின்மேல் ஈரக் கம்பளம், அதன்மேல் வருடம் முழுக்கப் படகு.

ஆணி, போல்ற் எல்லாம் ஸ்டெயின்லெஸ். அதுவும் அலுமினியத்துக்கு முழு நண்பன் இல்லை, ஆகவே மரையில் டெஃப்-ஜெல் போன்ற பசை தடவி ஏற்றுங்கள். அடுத்த தடவை கழற்றும்போது எனக்கு நன்றி சொல்வீர்கள்.

உரித்தல், உரஞ்சல்

இப்போது கவிழ்க்கலாம். 14 அடிப் படகின் வெற்று உடல் நூறு கிலோ அளவில்தான் வரும், நாலு பேர் இருந்தால் சுலபம். பழைய பெயின்ற்றில் ஈயமோ குரோமேற்றோ இருக்கலாம். ஆகவே காய்ந்த தூள் பறக்க உரஞ்சாமல் தண்ணீர் தொட்டு உரஞ்சுங்கள். நுண்தூளைத் தடுக்கும் பி100 வடிகட்டி போட்ட முகமூடி கட்டாயம். பிள்ளைகளைக் கராஜ் பக்கம் விடாதீர்கள்.

இறுகப் பிடித்திருக்கும் பெயின்ற்றை முழுவதும் எடுக்கவேண்டிய அவசியமில்லை. சுரண்டியால் தள்ளும்போது எது வருகிறதோ அதை எடுங்கள். வராததன் ஓரத்தைப் படி தெரியாமல் மழுக்குங்கள். இரசாயனத்தால் உரிப்பதென்றால் டின்னில் 'அலுமினியத்துக்கு ஏற்றது' என்று இருக்கவேண்டும். கோஸ்ரிக் சோடா கலந்தவை அலுமினியத்தையே தின்னும். இரும்புக் கம்பி பிறஸ்ஸும் இரும்புப் பஞ்சும் வேண்டாம். அவற்றின் துகள்கள் தகட்டில் புதைந்து, பிறகு பெயின்ற்றுக்குள்ளிருந்து துருப்புள்ளியாக எழும். நைலோன் பிறஸ், ஸ்கொட்ச்-பிறைற், 120 பிறகு 220 அரத்தாள் (தமிழ்நாட்டில் உப்புத்தாள்) போதும்.

ஒழுங்கு முக்கியம்: முதலில் சவர்க்காரமும் பிசுக்கு நீக்கியும், அதன்பிறகே அரத்தாள். மாறிச் செய்தால் மீன் எண்ணெயையும் மோட்டார் எண்ணெயையும் தகட்டுக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள். உரஞ்சி முடிந்ததும் சுத்தமான தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் விரித்த சீலைபோல முழுதும் படர்ந்தால் தகடு தயார். எங்காவது விலகி முத்து முத்தாகத் திரண்டால் அங்கே இன்னும் பிசுக்கு இருக்கிறது. நான் முதல் வருடம் இந்த ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியிருந்தால் மிச்சம் எல்லாம் நடந்திருக்காது.

பெயின்ற்

வெறும் தகட்டுக்கு முதலில் 'செல்ஃப் எற்சிங்' பிறைமர். அதிலுள்ள அமிலம் ஒக்சைட்டுப் படலத்தைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். உரஞ்சிக் காய்ந்த அன்றே அடிக்கவேண்டும், நாளைக்கு என்று விட்டால் படலம் திரும்பவும் தடித்துவிடும். மெல்லியதாக அடியுங்கள், கீழே உலோகம் நிழலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. தடிப்பாக அடித்தால் அமிலம் உள்ளே சிறைப்பட்டு, பிறகு மேல்பூச்சோடு சேர்த்துக் கழன்றுவரும்.

இதன்மேல் என்ன அடிக்கலாம் என்பதில்தான் கடையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பல எப்பொக்சிப் பிறைமர்கள் அமிலப் பிறைமரின்மேல் ஒட்டாது. ஆகவே பிறைமர், பெயின்ற் இரண்டையும் ஒரே நிறுவனத்தில் வாங்கி, டின்னில் உள்ளதை வாசியுங்கள். செலவைப் பார்க்கிறவர்களுக்கு ட்ரெம்கிளாட் போன்ற எண்ணெய் எனாமல் போதுமானது. சற்றுக் கூடச் செலவழிக்கலாம் என்றால் படகுக்கென்றே வரும் 'ரொப்சைட்' பெயின்ற். இது நீர்மட்டத்துக்கு மேலான பகுதிக்கு என்று டின்னில் எழுதியிருக்கும், பயப்படவேண்டாம். இரவு ட்ரெயிலரில் வீட்டுக்கு வருகிற படகுக்கு அடியிலும் அடிக்கலாம். மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கட்டிவைக்கிற படகுக்குத்தான் அது சரிவராது. பாசி பிடிக்காமலிருக்கச் செம்பு கலந்து விற்கும் அடிப்பெயின்ற்றை அலுமினியத்தில் ஒருபோதும் அடிக்காதீர்கள். காரணம் மேலே மரத்துக்குச் சொன்னதுதான்.

சிலர் எனாமலில் ஹார்ட்னர் கலப்பார்கள். நன்றாக இறுகும், உண்மை. ஆனால் அதில் ஐசோசயனேற் இருக்கும், நுரையீரலுக்கு மோசமான சாமான். சாதாரண முகமூடியோடு கராஜுக்குள் ஸ்ப்ரே செய்யாதீர்கள். புதியவர்களுக்கு ஹார்ட்னரும் வேண்டாம், ஸ்ப்ரேயும் வேண்டாம். நாலு அங்குல நுரை றோலரால் இரண்டடி நீளத்துக்கு உருட்டி, உடனே நல்ல பிறஸ்ஸின் நுனியால் ஒரே திசையில் மெல்லத் தடவிவிட்டால் குமிழி உடைந்து மட்டமாக நிற்கும். இரண்டு பேர் செய்தால் ஒருவர் உருட்ட மற்றவர் தடவிக்கொண்டு போகலாம். 14 அடிப் படகின் வெளிப்பக்கத்துக்கு ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய ஒரு குவார்ட் டின், அதாவது 946 மி.லீ. போகும். மெல்லியதாக மூன்று பூச்சு.

நிறம் உங்கள் விருப்பம். ஆனால் மினுக்கப் பெயின்ற் ஒவ்வொரு நசிவையும் காட்டிக்கொடுக்கும், மங்கல் மறைக்கும். உட்பக்கம் வெள்ளை என்றால் வெயிலில் கண் கூசும். கறுப்பு என்றால் வெறுங்காலோடு ஏறமுடியாது. இளஞ்சாம்பல் நல்லது. பின்பலகையில் பொறித்திருக்கும் 12 எழுத்து-எண் அடையாளத்தையும், எத்தனை பேர் ஏறலாம் என்று சொல்லும் தகட்டையும் பெயின்ற்றால் மூடாமல் ஒட்டுநாடா போட்டு மறையுங்கள். கடைசிப் பூச்சு காய்ந்தாலும் ஒரு வாரம் ட்ரெயிலர்ச் சட்டத்தில் ஏற்றாதீர்கள், அச்சு விழும்.

உள்ளே திரும்பப் பூட்டுதல்

வாங்குக்குக் கீழேயுள்ள நுரையை எடுத்துக் கையில் தூக்கிப் பாருங்கள். ஈரம் குடித்திருந்தால் செங்கல்போல இருக்கும். அதை எறியலாம், ஆனால் இடத்தை வெறுமையாக விடக்கூடாது. சாமான் வைக்க இடம் வேண்டும் என்று நுரையை எடுத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். படகு நிரம்பினால் அது தாழாமல் தாங்குவது அந்த நுரைதான். ஒரு கன அடி மூடிய-துளை நுரை ஏறக்குறைய 27 கிலோவைத் தாங்கும். எடுத்த அளவுக்குக் குறையாமல் திரும்ப வையுங்கள். வீட்டுச் சுவருக்கு வைக்கிற இளஞ்சிவப்பு, நீலப் பலகை நுரை சரிதான், ஆனால் பெற்றோல் பட்டால் கரையும். ஆகவே பெற்றோல் டாங்கிக்கு அருகே வைக்காதீர்கள்.

தரைக்குக் கம்பளம் வேண்டாம் என்பது என் கட்சி. ஈரம் காயாது, மணக்கும், தூண்டில் முள்ளு சிக்கும். எப்பொக்சி பூசிய மெல்லிய பிளைவூட்டில் மணல் கலந்த வழுக்காப் பெயின்ற் போதும்.

மின்வேலையில் ஒரு விதி: காரில் செய்வதுபோல உடம்பை 'ஏர்த்' ஆகப் பாவிக்கக்கூடாது. ஒவ்வொரு சாதனத்துக்கும் போக ஒரு வயர், வர ஒரு வயர். இல்லாவிட்டால் மின் கசிந்து தகட்டை அரிக்கும். வெள்ளீயம் பூசிய படகு வயர் வாங்குங்கள். ஃபியூஸ் பற்றரியிலிருந்து ஏழு அங்குலத்துக்குள் இருக்கவேண்டும். 55 இறாத்தல் உந்துவிசையுள்ள 12 வோல்ற் ட்ரோலிங் மோட்டார் (மெதுவாக ஓட்டுகிற சிறு மின்மோட்டார்) 50 அம்பியர் வரை இழுக்கும், அதற்கு 60 அம்பியர் பிரேக்கர் போடுங்கள்.

சட்டப் பக்கம் சுருக்கமாக: மோட்டார் 10 குதிரைவலு அல்லது அதற்கு மேல் என்றால் படகுக்கு அனுமதி எண் வேண்டும். அந்த எண்ணை அணியத்தின் (படகின் முன்பகுதி) இருபக்கமும், 7.5 செ.மீ.க்குக் குறையாத உயரத்தில், பெயின்ற் நிறத்துக்கு மாறான நிறத்தில் ஒட்டவேண்டும். இருண்ட பச்சைமேல் கறுப்பு எழுத்து ஒட்டி, பிறகு உரித்தவர்கள் உண்டு. மின்மோட்டாரானாலும் ஓட்டுகிறவரிடம் படகோட்டி அட்டை இருக்கவேண்டும். ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை, 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறு, தண்ணீர் இறைக்க வாளி, துடுப்பு அல்லது நங்கூரம், விசில், நீர்புகா டோர்ச் ஆகியவற்றுக்கு வாங்கின் கீழ் ஒரு பெட்டி ஒதுக்கிவிடுங்கள்.

வடிகால் மூடிக்குப் புது ரப்பர் போடுங்கள், சில டொலர்தான். 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் ஏரியிலிருந்து எடுத்த படகை வீதியில் கொண்டுபோகுமுன் மூடியைத் திறந்து தண்ணீரை வடித்து, ஒட்டிய களையையும் எடுக்கவேண்டும். சீப்ரா சிப்பி போன்றவை ஏரிக்கு ஏரி பரவாமல் இருக்க வந்த விதி. ஆகவே அந்த மூடியைத் திறப்பதும் பூட்டுவதும் இனி ஒவ்வொரு பயணத்திலும் நடக்கும். நான் என் மூடியைக் கார்ச் சாவியோடு ஒரு கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் ஒரு முறை அது கராஜ் மேசையிலும் படகு றைஸ் லேக்கிலும் இருந்தது.

முதல் நாள் இறக்கியதும் ஓடிவிடாதீர்கள். கரையில் கட்டிவிட்டு, தரைப்பலகையைத் தூக்கி, இருபது நிமிடம் அடியைப் பாருங்கள். பின்னால் உள்ள கிண்ணத்தில் ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை அளவு தண்ணீர் சேர்ந்தால் கவலைப்படாதீர்கள், எந்த றிவெற் என்று மார்க்கரால் உள்ளே ஒரு புள்ளி போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போகலாம். ஒரு வாளி சேர்ந்தால் திரும்ப ட்ரெயிலரில் ஏற்றுங்கள்.